‘பிஸ்மில்லாஹ்’ – யார் கூற்று?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் அரபி இலக்கணம் ஓத வரும் கல்லூரி மாணவர் ஒருவர் கிதாபைத் திறக்காமலே ஒரு கேள்வி கேட்டார்:

“ஹஜ்ரத், ஓர் ஆங்கிலப் பாட்டில் ‘பிஸ்மில்லாஹ்’ என்று வருகிறது. அது நம் தீனைக் கேலி செய்வது என்கிறார் எங்கள் காக்கா. சாச்சாவோ, அது தவ்பாச் செய்த ஒருவனின் பாட்டு, ஈரானிலேயே அப்படித்தான் விளக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார். வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. எது சரி?”

இசை ஆகுமா ஆகாதா என்பது வேறு மஸ்அலா. அதற்குரிய இடமும் ஆட்களும் வேறு. நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு பாட்டின் சொல்லுக்குப் பொருள் காணும் முறையை மட்டுமே. என் ஆங்கிலம் எத்தகையது என்பதை என் மாணவர்கள் அறிவார்கள். ஆதலால் ஆங்கில ஆசிரியர் ஒருவரின் உதவியோடு அப்பாட்டின் சொற்களை முழுமையாக எழுதி வாங்கி, நான்கு நாள் வைத்திருந்து படித்தேன். இரண்டு கட்சிக்கும் என்னால் துணை நிற்க முடியவில்லை.

பாட்டின் பெயர் ‘போஹீமியன் ராப்ஸொடி’. இங்கிலாந்தின் ‘குயீன்’ என்னும் ராக் இசைக் குழுவினர் 1975 அக்டோபர் இறுதியில் தனி இசைத்தட்டாக வெளியிட்டது. ஓடும் நேரம் ஐந்து நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி. அக்காலத்து வானொலிக்கு இது மிக நீளம். ஆயினும் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. இதை எழுதியவர் 1991 நவம்பரில் இறந்தபின் மீண்டும் வெளியாகி மறுபடியும் முதலிடம் பெற்றது. ‘ராப்ஸொடி’ என்பது ஒட்டுப்போட்டுத் தைத்த பாட்டு என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பெயருக்கேற்ப, தாலாட்டுப் போன்ற மெல்லிசை ஒரு துண்டு, ஆப்பரா என்னும் இத்தாலிய இசைநாடகப் பாங்கு ஒரு துண்டு, ஆவேசமான ராக் ஒரு துண்டு என இழைத்துச் சேர்த்திருக்கிறார்கள். நடுத்துண்டில்தான் நம் சொல் வருகிறது.

எழுதியவர் ஃபிரெட்டி மெர்க்குரி. பிறந்த பெயர் ஃபரோக் புல்ஸாரா. 1946-இல் ஜான்ஸிபார் தீவில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்தார். 1964-இல் ஜான்ஸிபாரில் புரட்சி மூண்டபோது அக்குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. ‘அவர் இரகசிய முஸ்லிம்’ என்று ஒரு கதை அவ்வப்போது உலவுகிறது. அதற்கு ஆதாரம் ஏதுமில்லை. அவருடைய ஈமச் சடங்கைச் செய்தவர்கள் ஜரதுஷ்டிர சமயத்துப் புரோகிதர்கள். ஆனால், சுல்தானின் ஆட்சி நடந்த, பாங்கு ஒலி ஓயாத ஒரு தீவில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவருக்கு ‘பிஸ்மில்லாஹ்’ என்பது அகராதியில் தேடி எடுத்த சொல்லாக இருந்திராது.

இனிப் பாட்டின் பொருள். தொடக்கத்திலேயே, நடப்பது மெய்யா கற்பனையா என்ற ஐயத்தோடு குரல்கள் எழுகின்றன. பிறகு ஓர் இளைஞன் தன் தாயை அழைத்து, தான் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டதாகச் சொல்கிறான். தொடங்கிய வாழ்வைத் தானே பாழாக்கிவிட்டதாக அழுகிறான். மறுநாள் தான் திரும்பாவிட்டாலும் தாய் தன் வாழ்வை நடத்திக்கொண்டு போகவேண்டும் என்கிறான். எல்லாரிடமும் விடைபெறுகிறான். அடுத்து நாடகமேடை போன்ற நடுப்பகுதி: இத்தாலிய நாடகக் கோமாளியின் பெயர், ஸ்பானிய நடனத்தின் பெயர், வானநூலார் கலிலியோவின் பெயர், ஆப்பராவில் வரும் நாவிதன் ஃபிகாரோவின் பெயர் யாவும் இடியும் மின்னலுமாக வந்து விழுகின்றன. ஏழைப் பையன், விட்டுவிடுங்கள் என்று ஒரு கூட்டம் மன்றாடுகிறது. மாட்டோம் என்று இன்னொரு கூட்டம் மறுக்கிறது. மூன்றாம் பகுதியில் அந்தக் குரல் கோபத்தோடு வேறு யாரையோ பார்த்துப் பேசுகிறது. தாயும் இல்லை, கொலையும் இல்லை. கடைசியில் எதுவும் தனக்குப் பொருட்டில்லை என்று அடங்கிவிடுகிறது.

இதற்குப் பொருள் காண நம் கிதாபு முறையைக் கையாளலாமா? திருமறையை ஓதி உணர வகுத்த விதிகளை ஓர் ஆங்கிலப் பாட்டின்மேல் ஏற்றுவது மரியாதைக் குறைவு அன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். உஸூல் நூலார் சொல்லை வகைப்படுத்திய விதிகள் வேதத்துக்கு மட்டும் உரியவை அல்ல. கிரயப் பத்திரம், வஸிய்யத்து, சத்தியம், தலாக் என மனிதர் வாயிலிருந்து வரும் எல்லாப் பேச்சுக்கும் அவற்றைத்தான் பொருத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். கடைத்தெருவில் ஒருவன் சொன்ன சொல்லுக்கு ஆகும் அளவுகோல் இதற்கும் ஆகும்.

அந்த அளவுகோலின் முதல் கேள்வி, சொல்பவன் யார், யாரிடம் சொல்கிறான் என்பது. தமிழிலும் இதுவே முதல் கேள்வி. அகநானூற்றையோ குறுந்தொகையையோ திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் அடியிலும், இது தலைவி தோழிக்கு உரைத்தது, இது பாங்கன் தலைவனைக் கழறியது என்றெல்லாம் கூற்றுக் குறித்திருப்பார்கள். பாடியவர் கபிலர் என்னும் ஆடவர். பேசுவது பிரிந்திருக்கும் ஒரு பெண். கூற்றை மாற்றிவிட்டால் அதே சொற்கள் தலைகீழாகப் பொருள்படும். தோழி சொன்னால் ஆறுதலாக இருப்பது பரத்தை சொன்னால் ஏளனமாகிவிடும்.

சரி, அந்தப் பாட்டில் ‘பிஸ்மில்லாஹ்’ யார் கூற்று? எழுதி வாங்கிய தாளில் இந்த இடத்தை நான் பலமுறை பார்த்தேன். ஐயமில்லை. அது கொலை செய்த இளைஞனின் சொல் அன்று. அவனுக்காக மன்றாடுவோரின் சொல்லும் அன்று. தன்னை விட்டுவிடுமாறு அவன் கேட்டவுடன், மறுக்கும் கூட்டம் எடுத்த எடுப்பில் உச்சரிப்பது அது. அதை உச்சரித்துவிட்டுத்தான் விடமாட்டோம் என்கிறார்கள். மன்றாடுவோர் குறுக்கிட, மறுபடியும் அதே உச்சரிப்பு, அதே மறுப்பு. பிடித்து வைத்திருப்போரின் வாயில் அல்லாஹ்வின் திருநாமம். பிடிபட்டவனின் வாயில் தாயின் பெயர். பாட்டு இப்படித்தான் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த நடுப்பகுதியில் பெருங்கூட்டம் பாடுவதுபோல் கேட்கிறதே, அது மூன்றே பேருடைய குரல். மெர்க்குரி, பிரையன் மே, ராஜர் டெய்லர் ஆகிய மூவர் தம் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்பத் திரும்ப ஒலிநாடாவில் ஏற்றி, ஏறத்தாழ மூன்று வாரம் உழைத்து அந்தக் கூட்டத்தை உண்டாக்கினார்கள். ஆகவே விட்டுவிடு என்பதும் அதே தொண்டைகள், மாட்டோம் என்பதும் அதே தொண்டைகள். காதால் கேட்பவர் கூற்றைத் தவறவிடுவதற்கு இது ஒரு காரணமாகலாம். பாடுபவர் வேறு, கூற்றுக்குரியவர் வேறு என்று கபிலரைப் படித்த நாம் தவறவிட வேண்டியதில்லை.

இலக்கணமும் இதையே சொல்கிறது. ‘பிஸ்மி’ என்பதில் முன்னிற்கும் ‘பா’ எழுத்து ஒரு வினையைப் பற்றி நிற்க வேண்டியது. அவ்வினை வெளியே சொல்லப்படுவதில்லை. பஸரா நகர இலக்கணிகள் அவ்விடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வருவித்தார்கள். கூஃபா நகரத்தார் ஒரு வினையை வருவித்தார்கள். ஓதத் தொடங்குபவன் சொன்னால் ‘ஓதுகிறேன்’ என்றும், மற்ற செயலைத் தொடங்குபவன் சொன்னால் அச்செயலையே என்றும் வருவித்துக்கொள்ள வேண்டும் என்பது ஸமக்‌ஷரியின் விளக்கம். தொடர்ந்து வரும் செயலே மறைந்திருக்கும் வினையைக் காட்டிக்கொடுக்கும். நம் பாட்டில் தொடர்ந்து வரும் செயல் என்ன? விட மறுத்தல். அன்றியும், பா, வாவ், தா ஆகிய மூன்றும் சத்தியத்துக்குரிய எழுத்துகள், அவற்றுள் மூலம் ‘பா’ என்பதை இரண்டாம் வருட மாணவரும் அறிவர். ஆகவே இச்சொல் இங்கே ஆணையிடுவது போல, ‘அவன் பெயரால் சொல்கிறோம், விடுவதற்கில்லை’ என்னும் பொருளில் நிற்பதாகக் கொள்வதே சொல்லுக்கும் இடத்துக்கும் பொருந்துகிறது.

என் மாணவரின் காக்காவுக்கு இப்போது ஒரு பதில் சொல்லலாம். கேலி என்று தீர்ப்புச் சொல்வதற்குக் கேலியைக் காட்டும் ஓர் அடையாளம், அரபியில் கரீனா என்கிறோமே அது, சொல்லின் அருகில் இருக்கவேண்டும். இங்கே இல்லை. மறுப்போர் அதை இளித்துக்கொண்டு சொல்லவில்லை. பாட்டில் வரும் எல்லாக் குரல்களையும்விட உறுதியான குரலில் சொல்கிறார்கள். அன்றியும் அந்த நடுப்பகுதி முழுவதுமே வியப்பும் பதற்றமுமாக வாயில் வந்த பெயர்களைக் கூவும் இடம். ‘மாமா மீயா’ என்று ஒரு கூவல் வருகிறது. இத்தாலிய மொழியில் அதற்கு நேர்பொருள் ‘என் தாயே’. ஆனால் அவர்கள் அதை நம் ‘அம்மாடி’ போலத்தான் வழங்குகிறார்கள். முதற்பகுதியில் கண்ணீரோடு அழைக்கப்பட்ட தாய், நடுப்பகுதிக்கு வரும்போது வெறும் வியப்புச் சொல்லாகத் தேய்ந்துவிட்டாள். நம் வீடுகளில் பிள்ளை தடுக்கி விழும்போது ‘பிஸ்மில்லாஹ்’ என்று சொல்லித் தூக்கும் மூதாட்டி அந்நேரம் திருமறை வசனம் ஓதுவதாக எண்ணிச் சொல்வதில்லை. குளிப்புக் கடமையானவர் ஓதும் எண்ணமின்றி, திக்ராக இதைச் சொல்லலாம் என்று நம் சட்ட நூல்களே சொல்லின் உருவத்தையும் சொல்பவனின் எண்ணத்தையும் பிரித்துப் பார்த்திருக்கின்றன.

என்றாலும், உணவுக்கும் கடிதத்துக்கும் முன்னே வைக்கும் சொல்லை ஒரு கோமாளியின் பெயருக்கும் ஒரு ஷைத்தானின் பெயருக்கும் நடுவே கேட்கும்போது மனம் கூசுகிறது என்றால், அந்தக் கூச்சம் எனக்கும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. கூச்சம் ஒன்று, தீர்ப்பு வேறொன்று.

இனிச் சாச்சாவின் கட்சி. 2004 ஆகஸ்டில் ஈரானில் குயீன் குழுவின் பாட்டுகள் சில அடங்கிய ஒலிநாடா அரசின் ஒப்புதலோடு வெளியானது உண்மை. ராக் இசைக் குழு ஒன்றுக்கு அங்கே அத்தகைய ஒப்புதல் கிடைத்தது அதுவே முதன்முறை என்று செய்தி வந்தது. காதல் பாட்டுகளை நீக்கிவிட்டார்கள். கூடவே ஒரு துண்டு நூல் வைத்து, பாட்டுகளின் மொழிபெயர்ப்பையும் விளக்கத்தையும் அச்சிட்டிருந்தார்கள். அதன்படி, இப்பாட்டின் இளைஞன் தவறுதலாக ஒருவனைக் கொன்றுவிட்டான், ஃபவுஸ்ட் கதையில் வருவதுபோலத் தன் ஆன்மாவை ஷைத்தானுக்கு விற்றுவிட்டான், தூக்கிலிடப்படும் முன்னிரவில் ‘பிஸ்மில்லாஹ்’ என்று இறைவனை அழைக்கிறான், ஆன்மாவை மீட்டுக்கொள்கிறான்.

கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! எனக்கும் முதலில் இனித்தது. தாளை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால் ஒன்றும் நிற்கவில்லை. விற்றதாக ஒரு பேச்சே இல்லை. பெயல்ஸெபூப் என்னும் ஷைத்தான்களின் தலைவன் தனக்கென்று ஒரு ஷைத்தானை ஒதுக்கி வைத்திருக்கிறான் என்ற புலம்பல்தான் இருக்கிறது. ஒதுக்கி வைப்பதற்கும் விலைபேசி வாங்குவதற்கும் வேறுபாடு இல்லையா? தூக்குமேடையும் இல்லை. மீட்சியும் இல்லை. தவ்பாச் செய்தவன் எதுவும் பொருட்டில்லை என்றா முடிப்பான்? எல்லாவற்றுக்கும் மேலாக, மறுப்போரின் ஆணையைப் பிடுங்கி இளைஞனின் வாயில் வைத்துவிட்டார்கள். கூற்றை மாற்றிவிட்டார்கள்.

விளக்கம் எழுதியவரை நான் கடிந்துகொள்ள மாட்டேன். அந்தக் கேசட் அங்கே மக்கள் கைக்குப் போய்ச் சேரவேண்டுமே என்ற ஆசை ஒருவேளை அவருக்கு இருந்திருக்கலாம். மேலும் அவர் பிறந்த மண்ணில், ஹாஃபிழின் மதுவை இறைக்காதல் என்று உரைப்பது பலநூறு ஆண்டுப் பழக்கம். நம் குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணியை நோக்கி ஏங்கும்போது நாமும் அப்படித்தான் கொள்கிறோம். அங்கெல்லாம் அவ்வுரைக்கு இடம் கொடுக்கும் மரபு ஒன்று முன்னமே நிலைபெற்றிருந்தது. கவிஞர் அம்மரபுக்குள் நின்று பாடினார், கேட்டவர் அம்மரபுக்குள் நின்று கேட்டார். அப்படியிருந்தும் ஐயம் எழுந்ததுண்டு. மக்காவில் நிளாம் என்னும் கற்றறிந்த பெண்மணியை முன்னிட்டு இப்னு அரபி பாடிய ‘தர்ஜுமானுல் அஷ்வாக்’ வெளியானபோது, இவை வெறும் காதல் பாட்டுகளே என்று ஹலபு நகரத்து ஃபகீஹ் ஒருவர் குறைகூறினார். இரண்டு சீடர்கள் அதைத் தெரிவிக்க, ஷைகு தாமே அமர்ந்து தம் பாட்டுகளுக்கு வரிக்கு வரி உரை எழுதினார். அந்த உரை சில இடங்களில் வலிந்து பொருள் கொண்டதுபோல் எனக்குத் தோன்றும். ஆனாலும் சொன்னவரே சொன்ன விளக்கம், அதை மீறி நாம் போக முடியாது. லண்டனில் எழுதிய பார்சிக் கவிஞருக்கு அத்தகைய மரபும் இல்லை, அவர் உரையும் எழுதவில்லை.

ஈரானிய விளக்கத்தில் என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. ‘தவறுதலாகக் கொன்றுவிட்டான்’ என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? எதிராளியின் தலையிலே துப்பாக்கியை வைத்து விசையை அழுத்தியதாக அவனே தாயிடம் ஒப்புக்கொள்கிறான். நம் ஷாஃபிஈ கிதாபுகளில் கொலை மூவகை: கருதிச் செய்வது, கருதிச் செய்ததை ஒப்பது, பிழையாக நேர்வது. கொல்லக்கூடிய கருவியைக் கொண்டு ஒருவனைக் குறிவைத்தால் அது முதல் வகை. எண்ணம் உள்ளே மறைந்திருப்பதால் கருவியே எண்ணத்துக்குச் சாட்சி என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் வழி. தலையில் வைத்த துப்பாக்கியை எந்த மத்ஹபின் காழியும் பிழை என்று ஏற்கமாட்டார். இளைஞன்கூடத் தன்னைக் காத்துக்கொள்ள அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. அவனைக் காப்பாற்ற வந்த உரைகாரர் பயன்படுத்துகிறார்!

கருதிச் செய்த கொலையில் மன்னிக்கும் உரிமை யாருக்கு? கொல்லப்பட்டவனின் வாரிசுகளுக்கு. பழிக்குப் பழி கேட்பதும், ஈட்டுத்தொகை பெறுவதும், ஒன்றுமில்லாமல் விட்டுவிடுவதும் அவர்கள் கையில். இந்தப் பாட்டிலே அவர்கள் எங்கே? கொன்றவனின் தாய் இருக்கிறாள், அவளுடைய கண்ணீர் இருக்கிறது. செத்தவனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, தாயில்லை. ‘ஒரு மனிதன்’ என்று ஒருமுறை சொல்லிக் கடந்துபோவதோடு சரி. அப்படியானால் அந்த மறுக்கும் கூட்டம் யார் என்ற கேள்வி எழுகிறது. அவர்களை ஷைத்தானின் பட்டாளம் என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். ஷைத்தானின் பட்டாளம் அல்லாஹ்வின் பெயரால் ஆணையிடுமா? இறைவன் பெயரைச் சொல்லி, ‘எங்கள் உரிமையை விடமாட்டோம்’ என்று நிற்கக்கூடியவர்கள், வேறு யாரையும்விட, செத்தவனுக்கு வேண்டியவர்களாக இருக்க நியாயமுண்டு. இதை நான் பாட்டின் பொருள் என்று அறுதியிடவில்லை. பாட்டு அவர்களுக்குப் பெயர் சூட்டவில்லை. ஆனால் அச்சொல்லை எதிர்க்கட்சியின் வாயிலேயே விட்டுவைத்துப் படித்தால் இப்படியொரு கேள்விக்காவது வழி பிறக்கிறது. இளைஞன் வாயில் வைத்தால் அந்த வழி அடைந்துபோகிறது.

மேல்நாட்டு உரைகாரர்களும் செத்தவனை வேறொரு வழியில் அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். பாடலாசிரியர் டிம் ரைஸ் போன்றோர், மெர்க்குரி தம் அந்தரங்க வாழ்வைப் பற்றிய ஒரு மறைவான ஒப்புதலையே இப்படிப் பாடினார், அவர் கொன்றது தம்முடைய பழைய வேடத்தைத்தான் என்கிறார்கள். இறந்துபோனவரின் அந்தரங்கத்தைத் துருவுவது நம் அதபுக்கு ஒவ்வாதது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பேச்சில் நேர்பொருளே முதலில் கொள்ளத்தக்கது. அது பொருந்தாதபோதோ வேறு பொருளுக்கு அடையாளம் இருக்கும்போதோதான் மஜாஸ் என்னும் ஆகுபொருளுக்குப் போகவேண்டும். எழுதியவரின் வாழ்க்கைக் கதை பாட்டுக்கு வெளியே இருப்பது. நியாயமாகச் சொன்னால், அவர்கள் பக்கம் பாட்டுக்குள்ளேயே ஓர் அடையாளம் உண்டு. தொடக்கத்தில் எழும் அந்த ஐயம், மெய்யா கற்பனையா என்பது, எதையும் நேராகக் கொள்ளாதே என்று எச்சரிப்பதுபோல் இருக்கிறது. இதை நான் தள்ளமாட்டேன். ஆனால் ஐயம் என்பது மறுப்பு ஆகாது. கனவு என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கனவுக்குள் தாய் தாயாகவே இருக்கும்போது, செத்தவன் மட்டும் எப்படி வேடமாகிவிடுவான்?

ஆல்பெர் காம்யு 1942-இல் வெளியிட்ட நாவலை இப்பாட்டின் மூலம் என்று சொல்வாரும் உளர். வெ. ஸ்ரீராம் ‘அந்நியன்’ என்ற பெயரில் அதைத் தமிழில் தந்திருக்கிறார். அல்ஜீரியக் கடற்கரையில் மெர்சோ என்பவன் ஓர் அரபியைச் சுடுகிறான், மரண தண்டனை பெறுகிறான். எதுவும் பொருட்டில்லை என்ற மனநிலையும் அங்கே உண்டு. சாயல் இருக்கிறது, சாயலைக் கொண்டு மூலம் என்று துணிய முடியாது. அந்நாவலிலும் சுடப்பட்ட அரபிக்குப் பெயரில்லை என்பதுதான் என் கவனத்தை ஈர்த்தது. எழுபது ஆண்டுக்குப் பிறகு, 2013-இல், கமால் தாவூத் என்னும் அல்ஜீரிய எழுத்தாளர் ஒரு நாவல் எழுதி, செத்தவனுக்கு மூஸா என்று பெயரிட்டு, அவன் தம்பி ஹாரூனின் வாயால் பேசவைத்தார். அங்கே அவனுக்கு ஒரு தாயும் இருக்கிறாள். குயீன் பாட்டுக்கு அப்படியொருவர் இன்னும் வரவில்லை.

மெர்க்குரியிடம் பொருள் கேட்டவர்களுக்கு அவர் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. கேட்பவர்கள் தாமே முடிவு செய்துகொள்ளட்டும் என்பதே அவர் நிலை. அவருடைய கையெழுத்துத் தாள்கள் 2023-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, முதலில் ‘மங்கோலியன் ராப்ஸொடி’ என்று பெயரெழுதி அடித்திருந்தது தெரியவந்தது. விமானக் கம்பெனி ஒன்றின் தாளில் எழுதிய அது பதின்மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. மங்கோலியா போஹீமியாவாக மாறியது போன்ற செய்திகளைப் பார்த்தால், சில பெயர்களை அவர் பொருளுக்காக அல்ல, ஓசைக்காகவே எடுத்தார் என்றும் எண்ண இடமிருக்கிறது. 1978-இல் அவர் எழுதிய ‘முஸ்தஃபா’ என்ற பாட்டில் நம் சொற்கள் சிலவற்றோடு எந்த மொழியிலும் பொருளில்லாத ஒலிகளையும் கலந்து வைத்திருக்கிறார்.

ஹனஃபி உஸூலில் மறைபொருட் சொற்களைப் பிரிக்கும்போது முஷ்கில், முஜ்மல் என்று இரண்டு வகை சொல்வார்கள். முஷ்கில் என்பது சிக்கல். ஊன்றிச் சிந்தித்தால் அவிழும். முஜ்மல் என்பது சொன்னவரே விளக்கினாலன்றித் திறக்காத பூட்டு. விளக்கம் வராதவரை நின்றுவிட வேண்டும். ‘பிஸ்மில்லாஹ்’ யார் கூற்று என்பது முஷ்கில். தாளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால் அவிழ்ந்துவிடுகிறது. அந்த இளைஞன் ஏன் கொன்றான், விடமாட்டோம் என்றவர்கள் யார், கடைசியில் அவன் விடப்பட்டானா என்பவை முஜ்மல். விளக்கவேண்டியவர் 1991-இல் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மாணவரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சாச்சாவுக்கு என்ன எழுதட்டும், ஹஜ்ரத்?” என்றார். “அந்தச் சொல்லைச் சொல்வது அவனல்ல, அவனைப் பிடித்து வைத்திருப்பவர்கள், தாளைப் பாருங்கள், சாச்சா, என்று மட்டும் எழுதுங்கள் தம்பி” என்றேன். அங்கேயே எழுதி அனுப்பினார். இதை எழுதும்வரை சாச்சாவிடமிருந்து பதில் வரவில்லை. காக்கா மட்டும், பாட்டை முழுமையாக எழுதித் தருமாறு கேட்டிருக்கிறாராம்.